நான்கு பேரும் பார்த்த பக்கம்

நம்பாவிட்டால் போகிறது, எனக்கொன்றும் குறையில்லை. ஆனால் நடந்ததை நடந்தபடிதான் சொல்கிறேன்.

நான் எளிதில் பயப்படுகிற ஆள் இல்லை. பதினோரு வருடமாகச் செத்தவர்களின் முகத்தோடுதான் குடித்தனம். ஒரு படத்திலிருந்து ஆளை வெட்டி எடுத்து இன்னொரு படத்தில் நிறுத்துவது என் வேலை. கல்யாணத்துக்கு வராமல் முறுக்கிக்கொண்ட மாமாவைக் கல்யாணப் படத்தில் சிரிக்க வைத்திருக்கிறேன். பேரனைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்த தாத்தாவின் மடியில் பேரனை உட்கார வைத்திருக்கிறேன். ஸ்டூடியோவில் எனக்குப் பெயரே கத்திரி. சுடுகாடு, நடுராத்திரி, நாய் ஊளை எதுவும் இதில் கிடையாது. அன்று வியாழக்கிழமை. மத்தியானம் 3.40. வெளியே கண் கூசுகிற வெயில்.

ஆரம்பம் திங்கட்கிழமை. காலையில் ஒரு நர்ஸ் வந்தார். நாற்பது வயது இருக்கும். இரவு டியூட்டி முடித்து நேராக வந்திருந்தார், கண்கள் சிவந்திருந்தன. என் மேசைக்கு இடது பக்கம், வாடிக்கையாளர்களுக்காகப் போட்டிருக்கும் ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு கவரிலிருந்து படங்களை எடுத்து வைத்தார்.

"நாங்க எல்லாரும் ஒண்ணா நின்னு எடுத்த படம்னு எதுவுமே இல்லைங்க. அம்மாவுக்கு ஞாபகம் போயிட்டே இருக்கு. வெள்ளிக்கிழமை ஒரு முதியோர் இல்லத்துல சேர்க்கப் போறோம். கட்டிலுக்கு எதிர்ல மாட்டி வைக்கணும்."

"எத்தனை பேர்?"

கொஞ்சம் யோசித்தார். "நாலு பேர்."

அப்பா, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கலர் மங்கிப்போன படம். அவர் இறந்து பல வருடம் ஆகிவிட்டதாம். அம்மா, ஜன்னலோரம் நாற்காலியில். தம்பி, பட்டமளிப்பு அங்கியில். அவன் இப்போது வெளிநாட்டில் இருக்கிறான். நான்காவது நர்ஸேதான், ஒரு புது வீட்டு வாசலில். அது மட்டும் போனில் இருந்தது.

நான்கு படம், நான்கு விதமான வெளிச்சம். ஒருவருக்கு வெயில் தலைக்கு மேலே, இன்னொருவருக்குப் பக்கவாட்டில். முடியை இழை இழையாக வெட்டி, தோல் நிறத்தைச் சமப்படுத்தி, காலடியில் நிழல் போட்டு, ஒரே அறையில் ஒரே நேரத்தில் நின்றதுபோலக் கொண்டுவர இரண்டு நாள் ஆனது. செவ்வாய் மாலை அனுப்பினேன். 6.50-க்குப் பதில் வந்தது.

'ரொம்ப அழகா இருக்கு. ஆனா எல்லாரும் ஏன் வேற பக்கம் பாக்குறாங்க?'

திறந்து பார்த்தேன். உண்மைதான். நான்கு பேருடைய கருவிழிகளும் ஒரு மயிரிழை இடது பக்கம் ஒதுங்கியிருந்தன. என் தப்பாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

புதன் காலை எட்டுக் கண்களையும் பெரிதாக்கி, கருவிழி ஒவ்வொன்றையும் நடுவுக்குக் கொண்டுவந்தேன். அரிசியில் பெயர் எழுதுகிற மாதிரியான வேலை. 12.15-க்கு முடித்துச் சேமித்தேன். இரண்டு மணிக்கு நர்ஸ் நேரிலேயே வந்துவிட்டார். முதலாளியும் பின்னால் வந்து நின்றார். பெருமையாகப் படத்தைத் திறந்தேன்.

கண்கள் மறுபடியும் இடது பக்கம் போயிருந்தன.

"காலையில சரி பண்ணினேன் சார்."

"யாரு, கம்ப்யூட்டரா திருப்பி மாத்துச்சு?"

நர்ஸ் பாவம், "வெள்ளிக்கிழமைக்குள்ள கிடைச்சிடுமா?" என்று மட்டும் கேட்டார். அவர் போனதும் முதலாளி என் பக்கம் திரும்பினார்.

"இன்னொரு தடவை இது திரும்பி வந்துச்சுன்னா, கத்திரி, நீ வீட்டுல உக்காந்து வெட்டு."

அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. பதினோரு வருடத்தில் ஒரு வேலை இரண்டு தடவை திரும்பி வந்ததே இல்லை.

வியாழன் காலை முதல் வேலையாக மூலப் படங்களைத் திறந்தேன். நான்கு பேரும் நேராகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவை மட்டும் புது ஃபைலில் வைத்தேன். நேராகப் பார்த்தார். அம்மா மட்டும். நேராக. தம்பியும் அப்படியே. நர்ஸும் அப்படியே.

தனித்தனியாக இருந்தால் ஒழுங்காக இருந்தார்கள். நான்கு பேரையும் ஒன்றாக நிறுத்தினால்தான் வம்பு.

பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஏற்கெனவே வெட்டி வைத்திருந்த நான்கு பேரையும் முதலிலிருந்து சேர்த்தேன். முதலாளி வெளி வேலைக்குப் போய்விட்டார். முன்னறையில் இருக்கும் போட்டோகிராபர் சாப்பிடப் போனார். வாசல் கதவு பூட்டியிருந்தது. உள்ளே நான் மட்டும். ஏசி உறுமுகிற சத்தம்... மவுஸ் சத்தம்... வேறொன்றும் இல்லை.

3.25-க்கு முடித்தேன். தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். திரையைப் பார்த்தேன்.

இடது பக்கம்.

மவுஸைத் தூக்கி அடிக்கலாமா என்று வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. ஒரே படத்தை வெகுநேரம் பார்த்தால் கண் பழகிவிடும், தப்புத் தெரியாது. அதனால் கண்ணாடியில் தெரிவதுபோல் படத்தை இடம் வலமாகத் திருப்பிப் பார்ப்போம். திருப்பினேன்.

மணி 3.40.

இடது ஓரத்தில் நின்ற அப்பா வலது ஓரத்துக்குப் போனார். தம்பி இந்தப் பக்கம் வந்தான். அம்மாவின் நாற்காலி திரும்பியது. எல்லாம் மாறியது.

கண்கள் மாறவில்லை.

படமே திரும்பினால் கண்ணும் வலது பக்கம் திரும்பித்தானே ஆக வேண்டும்... அவர்கள் இன்னும் இடது பக்கமே பார்த்தார்கள். நான்கு பேரும். ஒரே இடத்தை. ஒரே உயரத்தில்.

அந்தப் பார்வை போன திசையில் மெல்லத் திரும்பினேன்.

ஸ்டூல்.

காலியாகத்தான் இருந்தது. ஆனால் அதன் ரெக்ஸின் மெத்தை அமுங்கியிருந்தது. ஒரு ஆள் உட்கார்ந்த அளவுக்கு.

உண்மையைச் சொல்கிறேன், பயத்துக்கு முன்னால் வந்தது கோபம்தான். மூன்று நாள் கோபம். சாப்பிடாத கோபம். வாய் தானாகப் பேசிவிட்டது.

"நீங்க யாரா வேணா இருங்க. பக்கத்துல உக்காந்தா அவங்க பக்கத்துலதானே பாப்பாங்க? என் உயிரை ஏன் வாங்குறீங்க? முன்னாடி போய் நில்லுங்க."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பதே உறைத்தது.

ஏசி நின்றது.

உஸ்ஸ்ஸ்...

மெத்தை மெதுவாக மேலே எழும்பியது.

கிறீச்... ஸ்டூலின் கால் தரையில் உரசியது.

திரையில் கண்கள் நகர்ந்தன.

எட்டுக் கண்களும் ஒன்றாக. மெதுவாக. நடந்து போகிற ஒருவரைப் பார்ப்பதுபோல.

இடது... கொஞ்சம் உள்ளே... இன்னும் கொஞ்சம்...

நடுவில் நின்றன.

3.43.

இப்போது நேராகப் பார்த்தார்கள்.

என்னை இல்லை.

என் தலைக்கு ஒரு சாண் மேலே.

என் நாற்காலிக்குப் பின்னால் யாரோ நின்றார்கள்.

பிடரியில் மூச்சுப் பட்டது.

"அசையாதீங்க."

பெண் குரல். மெதுவான, பழகிய குரல்.

நான் அசையவில்லை.

கிளிக்.

அப்புறம் ஏசி ஓட ஆரம்பித்தது. எப்படி எழுந்தேன், எப்படி வாசல் கதவைத் திறந்தேன் என்று தெரியாது. போட்டோகிராபர் திரும்பி வந்தபோது நான் நடைபாதையில் உட்கார்ந்திருந்தேனாம். அவரைக் கூட்டிக்கொண்டுதான் உள்ளே போனேன். அவர் திரையைப் பார்த்தார்.

"நல்லாத்தானே இருக்கு. நேராதானே பாக்குறாங்க?"

நல்லாத்தான் இருந்தது. அந்த மாதிரி ஒரு படம் நான் செய்ததே இல்லை. நான் போட்ட நிழல்களைவிட மென்மையான நிழல். நால்வர் முகத்திலும் ஒரே வெளிச்சம். உண்மையிலேயே ஒரே அறையில் நின்றவர்கள்போல. நான் சேமிக்கவில்லை. ஃபைல் சேமிக்கப்பட்ட நேரம் 3.43 என்று இருந்தது.

வெள்ளிக்கிழமை படம் போய்விட்டது. என் வேலையும் தப்பியது.

பத்து நாள் கழித்து நர்ஸ் வந்தார். ஸ்டூலைக் காட்டினேன். உட்காராமல் நின்றுகொண்டே பேசினார்.

"ஒண்ணு கேக்கணும். அம்மாவுக்கு இப்ப என்னையே சரியா அடையாளம் தெரியலை. ஆனா இந்தப் படத்தைப் பாத்ததும், 'பெரியவ எடுத்ததா?'ன்னு கேட்டாங்க. தினமும் அதையேதான் கேக்குறாங்க."

"பெரியவன்னா?"

"எங்க அக்கா. வீட்டுல கேமரா எப்பவும் அவ கையிலதான் இருக்கும். அதனாலயே எந்தப் படத்துலயும் அவ இல்லை. அடையாள அட்டையில ஒரு மங்கலான மூஞ்சி, அவ்வளவுதான். அதை வச்சு என்ன செய்ய முடியும்னு, உங்ககிட்ட நாலு பேர்னு சொல்லிட்டேன். அவ போய் ஆறு வருஷம் ஆச்சு."

மெல்லக் கேட்டேன்.

"நீங்க குடுத்த படங்களை எடுத்தது..."

"அப்பா, அம்மா, தம்பி, மூணுமே அவ எடுத்ததுதான்."

"உங்க படம்?"

அவர் போனை எடுத்து அந்தப் படத்தைத் திறந்து என் பக்கம் நீட்டினார். வாசலில் நிற்கிறார், நேராகப் பார்த்து வாய் நிறையச் சிரிக்கிறார். கீழே தேதி. போன வருடம், ஜூன் 11, மாலை 5.20.

"புது வீட்டுக்குக் குடி போன அன்னிக்கு எடுத்தது. எங்க வீட்டுக்காரர் எடுத்தார்னு நினைச்சிட்டிருந்தேன். நேத்து கேட்டா, அவர் எடுக்கலைன்னுட்டார். யோசிச்சுப் பாத்தேன். அந்த நேரத்துல அவர் சாமான் ஏத்திட்டு வரப் போயிருந்தார். வீட்டுல நான் மட்டும்தான் இருந்தேன்."

போனைத் திரும்ப வாங்கி, தன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"யாரைப் பாத்து இப்படிச் சிரிச்சேன்னுதான் ஞாபகம் வரலைங்க."