நுரைக்குக் குறுக்கே நின்ற அண்ணி

என் அண்ணி சலவை நிலையத்தில் இஸ்திரி போடுகிறார். நானும் அங்கேதான், துணி மடிக்கிற மேஜையில். அண்ணி அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டார். சோற்றில் உப்பு இல்லையென்றால் கேட்டு வாங்கக்கூட வாய் வராது, அப்படியே சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார். என் வாயோ ஊரறிந்த வாய். ஆனால் முதல் மழை விழுந்துவிட்டால் போதும், அண்ணியைக் கையில் பிடிக்க முடியாது. லீவு நாளில் புதர் புதராக நுழைந்து, சேறும் சகதியுமாக வந்து நிற்பார். தேடுவது என்ன தெரியுமா? மரத்தவளையின் தலைப்பிரட்டைகளை!

"தேடறதுக்கு உலகத்துல வேற ஒண்ணுமே கிடைக்கலையா அண்ணி?"

"நீயும் ஒருநாள் வந்துதான் பாரேன். தண்ணியில தேடாத, மேல பாரு."

சங்கதி அதுதான். அந்தத் தவளை தண்ணீரில் முட்டையிடாது. குட்டைக்கு மேலே தொங்கும் இலையில் நுரை கட்டி, அதற்குள் இடும். குஞ்சுகள் உள்ளேயே பொரித்து, மழையில் நுரை கரையும்போது கீழே விழும். குட்டையில் நீந்துகிற தலைப்பிரட்டைகளை அண்ணி எத்தனையோ முறை பார்த்திருக்கிறார். விழுவதை மட்டும் பார்த்ததே இல்லை. அந்த ஆசையைப் பற்றிக் கேட்டால் என் அண்ணன் தலையில் அடித்துக்கொள்வான்.

இந்த வருடம் அதிர்ஷ்டம் காலடியிலேயே வந்தது. நிலையத்தின் பின்கதவைத் திறந்தால் செடி மண்டிய பள்ளம். அதில் தேங்கிய தண்ணீருக்கு மேலே, ஓர் இலையில் வெள்ளை நுரை. அண்ணி சாப்பாட்டு வேளையெல்லாம் அங்கேயே தவம் கிடந்தார். பாழாய்ப்போன மழைதான் நின்றுவிட்டது. பள்ளம் வற்றியது. நுரையின் மேல்பக்கம் காய்ந்து, அடியில் ஏதோ நெளிவது தெரிந்தது.

"இன்னிக்கும் மழை இல்லேன்னா எல்லாம் உள்ளயே காஞ்சு செத்துடும்டி" என்று அண்ணி வானத்தை அண்ணாந்து பார்த்தார்.

அன்றைக்குப் பார்த்தா சூப்பர்வைசர் அங்கே வரவேண்டும்! எங்கள் மெஷின் நுரை சாக்கடையில் வழிகிறதென்று அக்கம்பக்கத்தில் ஏற்கெனவே சண்டை. பாவம், அந்த மனுஷனுக்கு வெள்ளையாக எதைப் பார்த்தாலும் சோப்புதான்.

"இலை மேல எல்லாம் நுரை! யாரு தூளை அள்ளிக் கொட்டினது?" என்று கத்திக்கொண்டே நல்ல தண்ணீர் ஹோஸை இழுத்துவந்து திருப்பினார்.

அந்த வேகத்தில் அடித்தால் குஞ்சுகள் திசைக்கொன்றாகச் சிதறிவிடும். அண்ணி குறுக்கே போய் நின்றார். தண்ணீர் நெஞ்சில் பீய்ச்சி அடித்தது. நகரவில்லை.

"என்னம்மா, பைத்தியமா உனக்கு?"

"சோப்பு இல்ல சார். உள்ள உசுரு இருக்கு. ஹோஸை எங்கிட்ட குடுங்க."

குடுங்க! உப்புக்கூடக் கேட்காத வாய்! எனக்குப் புல்லரித்துவிட்டது.

சூப்பர்வைசர் இலையை உற்றுப் பார்த்தார்; நுரையின் அடியில் நெளிவது அவருக்கும் தெரிந்தது, ஹோஸைக் கொடுத்தார். அண்ணி முதலில் பள்ளத்தை நிரப்பினார். பிறகு ஹோஸின் வாயைக் கட்டைவிரலால் அழுத்தி மேலே தூக்கினார். இஸ்திரிக்கு முன்னால் துணிக்குத் தண்ணீர் தெளித்துப் பழகிய கை அல்லவா? தூறல் அத்தனை பதமாக விழுந்தது. நுரை இளகித் தொங்கி, வாலை ஆட்டிக்கொண்டு ஒரு குஞ்சு விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று. அப்புறம் பொலபொலவென்று.

"ஐயோ, விழுது, விழுது!" என்று முதலில் கூவியது சூப்பர்வைசர்தான். நான் குனிந்து பள்ளத்தை எட்டிப் பார்த்தேன்.

அண்ணி அழுகையும் சிரிப்புமாக, விரலை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கை வலிக்குமே, குழாயைக் கொஞ்சம் குறைக்கட்டுமாம்மா?" என்று கேட்டார் சூப்பர்வைசர்.

"வேணாம் சார். மழை இப்படியே பெய்யட்டும்."