ஆற்றுக்குள் மூன்று பிகா

பிரம்மபுத்திராவின் நடுவே கிடக்கும் மாஜுலித் தீவில் அரசு நர்ஸ் நிஜோரா தாயிதைத் தெரியாதவர் கிடையாது. பாதித் தீவு அவள் கையில் பிறந்தது, மீதி அவள் அதட்டலில் வளர்ந்தது. அப்பேர்ப்பட்டவள் ஜனவரி வந்துவிட்டால் மட்டும் சுகாதார அலுவலகத்துக்குக் கேலிப்பொருள் ஆகிவிடுவாள்.

அரசு ஊழியர்கள் வருஷா வருஷம் சொத்துக் கணக்குக் கொடுக்க வேண்டிய மாதம் அது. வாங்கி அடுக்குகிற கிளார்க் திம்பேஸ்வருக்கு எல்லாருடைய சூதும் அத்துப்படி. இருப்பதை ஒளிப்பார்கள், மாமனார் தலையில் கட்டுவார்கள், கேட்டால் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்வார்கள். இல்லாததை எழுதிக்கொடுக்கிற ஒரே பிறவி நிஜோராதான். ‘கொர்தோய்சூக்கில் மூன்று பிகா வயல். சொந்தச் சம்பளத்தில் வாங்கியது. தற்போது ஆற்றுக்குள்.’

கொர்தோய்சூக் என்ற ஊரையே ஆறு தின்று ஏப்பம் விட்டுப் பல வருஷமாகிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் வாங்கிய, ஏறத்தாழ ஒரு ஏக்கர் வயல் அது. உலகத்தில் அவள் பெயரில் இருந்த மண் அது மட்டும்தான்.

“ஏன்க்கா, இந்த வருஷம் வயல்ல என்ன வெள்ளாமை? கெண்டையா, கெளுத்தியா?” என்று வம்புக்கு இழுப்பான் திம்பேஸ்வர்.

“உனக்கு எது வேணும்னு சொல்லு, அனுப்புறேன்.”

“நெலம்னா காட்டணும். போட்டோ எடுத்துட்டு வாங்க பாப்போம்” என்று ஒருமுறை திம்பேஸ்வர் வாய்த்துடுக்காகச் சொல்லிவைத்தான். மறுநாளே படம் வந்தது. படம் முழுக்கத் தண்ணீர். அதிலிருந்து ஒவ்வொரு ஜனவரியும் அதே படித்துறையில் நின்று, அதே திசையில் ஒரு படம் எடுத்து வருவாள். அலுவலகமே கூடிச் சிரிக்கும். பிஹுப் பண்டிகையில் மீந்த எள்ளுப் பலகாரத்தை நீட்டிக்கொண்டு அவளும் சிரிப்பாள். ஆனால் அந்த வரியை மட்டும் அடிக்கமாட்டாள்.

அந்தக் கூட்டத்தில் திம்பேஸ்வரின் சிரிப்புதான் பலமானது, அது உதட்டோடு நின்றதும் அவனுக்குத்தான். அவன் அப்பா அவன் பெயருக்கு எழுதிவைத்த வயலையும் இதே ஆறுதான் கொண்டுபோயிருந்தது. வேலையில் சேர்ந்த அன்று தன் கணக்கில் ‘நிலம்: இல்லை’ என்று எழுதியவன், இன்றுவரை அதையே எழுதி வருகிறான்.

இந்த வருஷம் வந்த புது அதிகாரிக்குச் சிரிப்பு வராத முகம். “தண்ணியச் சொத்துன்னு எழுதுனா நான் கையெழுத்துப் போடமாட்டேன். மாசக் கடைசிக்குள்ள அடிக்கச் சொல்லு. இல்லேன்னா கணக்கே குடுக்கலைன்னு சம்பளத்த நிறுத்திடு” என்று திம்பேஸ்வரிடம் சொல்லிவிட்டார்.

மாதக் கடைசி நாள் நிஜோரா வந்தாள்.

“அக்கா, சொன்னா கேளுங்க. ஒரே ஒரு கோடு. அடுப்பெரியணுமா வேண்டாமா?”

“அடிச்சிடுறேன். நாளைக்கு அது மேல வந்துச்சுன்னா? ‘இந்தச் சொத்து எங்கேருந்து மொளைச்சுது’ன்னு நீதானே மொதல்ல கேப்பே?”

“வந்தாத்தானே!”

“தம்பி, ஆறு எடுத்துக்கிட்டது வேற. இல்லேன்னு நானே கையெழுத்துப் போட்டுக் குடுக்கறது வேற. சம்பளத்த நிறுத்து, போ.”

அந்த ‘இல்லே’ தன் மேலேயே விழுந்த மாதிரி அவனுக்குச் சுருக்கென்றது. கோபத்தோடு கையை நீட்டினான். “சரி, காட்டுங்க உங்க ஜமீனை.”

அவள் போனைக் கொடுத்தாள். அதே தண்ணீர், அதே வானம். நடுவில், குளிர்காலத்துக்கு வந்து போகும் செம்பழுப்பு வாத்துகள் ஒரு கூட்டம். “குத்தகைக்காரங்க வந்துட்டாங்க போலிருக்கே” என்று விரலால் படத்தைப் பெரிதாக்கியவன், அப்படியே நின்றுவிட்டான்.

நீந்துகிற வாத்துக்குக் கால் தெரியாது. இவற்றுக்குத் தெரிந்தது.

“அக்கா… இதுங்க நிக்குது.”

“எங்க நிக்குது?” அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள்.

திம்பேஸ்வர் போனை எடுத்துக்கொண்டு அதிகாரியின் அறைக்கு ஓடினான். அவர் படத்தை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார். “சர்வேயர் வந்து அளக்கட்டும். அதுவரைக்கும் அந்த வரி இருக்கட்டும்” என்று கையெழுத்துப் போட்டார்.

அன்று மதியமே நிஜோராவும் திம்பேஸ்வரும் படகில் போனார்கள். நடு ஆற்றில் படகின் அடி தட்டியது. வாத்துகள் எழும்பிப் பறக்க, ஈரச் சாம்பல் மணல் நீளமாகக் கிடந்தது. ஒரு ஊரை விழுங்கிய ஆறு, யாரும் கேட்காமலே, சத்தமில்லாமல் திருப்பிக் கொண்டுவந்து வைத்திருந்தது. திம்பேஸ்வர் செருப்பைப் படகிலேயே கழற்றிவிட்டு இறங்கினான். நிஜோரா குனிந்து, பிறந்த குழந்தையின் முதுகைத் தட்டுவது போல மணலைத் தட்டினாள்.

“அடுத்த வெள்ளத்துல மறுபடி போயிடுமேக்கா.”

“போகட்டும். எழுதித்தானே வெச்சிருக்கோம்.”

திரும்பும் வழியில் ஓரிடத்தில் திம்பேஸ்வர் படகுக்காரனை நிறுத்தச் சொன்னான். சுற்றிலும் தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லை. எழுந்து நின்று போனை உயர்த்திப் பிடித்தான்.

“என்னத்தப்பா படம் பிடிக்கறே, வெறும் தண்ணியத்தானே?”

“என் நெலம்க்கா.”

நிஜோரா சிரிக்கவில்லை. படகுக்காரனைப் பார்த்து, “ஆட்டாம புடிப்பா” என்றாள்.