தொண்டை எல்லா ஊரிலும் ஒன்றுதான்

இங்கிலாந்துக்கு வேலைக்கு வந்த முதல் வாரம், கேன்டீனில் டம்ளரைத் தூக்கி அண்ணாந்து தண்ணீர் குடித்தேன். எதிரே இருந்த சக ஊழியை பதறிப்போய், விழுங்குவதில் எனக்குச் சிரமமா என்று கேட்டாள். பக்கவாதம் வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து, விழுங்க முடிகிறதா என்று பார்ப்பதுதான் ஆஸ்பத்திரியில் எங்கள் பிரிவின் வேலை. எச்சில் படக்கூடாது என்பதற்காக என்று விளக்கினேன். அவர்கள் டம்ளரை நான் அசுத்தம் என்று சொன்னதாக எடுத்துக்கொண்டாள். ஆறே மாதத்தில் நானும் வாய் வைத்துக் குடிக்கப் பழகிவிட்டேன்.

அந்தச் சோதனைப் படிவத்தைப் போன வருடம் ஓர் ஆய்வுக்காக, திருச்சி ஆஸ்பத்திரிகளுக்கென்று நான்தான் தமிழாக்கினேன். இங்கே பலித்தது திருச்சியிலும் பலிக்கும், தொண்டை எல்லா ஊரிலும் ஒன்றுதான் என்றார் எங்கள் தலைமை மருத்துவர். சொந்த ஊருக்கு நல்லது செய்கிறேன் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. நோயாளியைத் தண்ணீர் குடிக்கச் சொல்லவும், இருமினால் வாய்வழி உணவை நிறுத்தவும் என்று எழுதினேன். எப்படிக் குடிப்பது என்று ஆங்கிலத்தில் இல்லை. நானும் எழுதவில்லை. சே, என்ன படிப்பு படித்தேனோ!

இந்த வருடம் உறையூரில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. ஸ்ரீரங்கம் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். யார் யார் பாட்டிலையோ வாங்கிக் குடித்திருக்கிறார், ஒன்றிலும் உதடு பட்டதில்லை. நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒன்பது நாளாக மூக்கில் குழாய். அதைப் பிடுங்குகிறார் என்று நல்ல கையைக் கட்டிலோடு கட்டி வைத்திருந்தார்கள்.

"தண்ணி குடிக்கச் சொன்னோம், இருமினாருங்க. ஃபார்ம்ல உள்ளபடிதான் செஞ்சோம்" என்றாள் நர்ஸ்.

எப்படிக் குடித்தார் என்று கேட்டேன். அண்ணாந்துதான், வேறெப்படி என்றாள். பக்கவாதம் வந்தவர் தலையைச் சாய்த்து ஊற்றிக்கொண்டால் இருமாமல் என்ன செய்வார்? படிவத்தின் அடியில், தமிழாக்கம் என்று போட்டு என் பெயர். யார் மேல் காறித் துப்புவது?

டாக்டரிடம் மன்றாடி, மறுநாள் காலையில் அப்பாவை நிமிர்த்தி உட்கார வைத்தேன். டம்ளரை உதட்டில் வைத்தேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே மடக்கு மடக்காகக் குடித்தார். இருமவில்லை. சாயங்காலம் குழாயை எடுத்தார்கள். நடந்ததை இங்கிலாந்தில் தலைமை மருத்துவருக்கு எழுதினேன். சுவாரசியமான தகவல், ஆய்வுக் கட்டுரையின் கடைசியில் ஒரு வரி சேர்த்துவிடலாம் என்று பதில் வந்தது. ஒரு வரியாம்!

கட்டியிருந்த மணிக்கட்டில் எண்ணெய் தடவிக்கொண்டே, இந்தப் படிவத்தை எழுதினது நான்தான் என்று அப்பாவிடம் சொன்னேன். நாக்குழறக் கேட்டார்.

"எழுதறப்ப யாரும்மா உன் கண்ணு முன்னாடி இருந்தாங்க?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. அங்கே என் வார்டில் இருக்கிற ஒரு வெள்ளைக்காரம்மா என்றேன்.