ரயில் குரூப்பில் போட்ட பன்னிரண்டு வார்த்தைகள்

தங்கவயலிலிருந்து பெங்களூருக்கு வேலைக்குப் போகிற எங்கள் காலை ரயிலுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. இருநூறு பேருக்கு மேல் இருப்போம். குடை, சாப்பாட்டு டப்பா, எது தொலைந்தாலும் படம் பிடித்து அதில் போட்டால், சாயந்திரத்துக்குள் யாராவது கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள். அந்தப் பழக்கம்தான் அன்று வினையானது.

எதிர் சீட்டில் வரும் வெல்டர், மகளின் காலேஜுக்காக மூன்று வருஷமாய்க் கிரிப்டோ காயின் சேர்த்தவர். புதுப் போனில் காயின் இருக்கும் வாலட் ஆப்பைத் திறந்ததும் அவர் முகம் வெளுத்துப்போனது.

"அண்ணா, பூஜ்யம் காட்டுதுண்ணா."

"சுரங்க ஷாஃப்ட்ல எறங்காமலே தங்கம் எடுக்கப் போனியே, இன்னா ஆச்சு?" என்றார் பக்கத்தில் சீட்டாடியவர். வெல்டரின் கண்ணைப் பார்த்ததும் சீட்டைக் கீழே வைத்துவிட்டார்.

என் வாய் சும்மா இருக்குமா? "குரூப்புல போடுப்பா, தெரிஞ்சவங்க பாத்து சொல்லுவாங்க" என்றேன். போட்டார். காலித் திரையின் படத்தோடு, திறந்து பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று, வாலட்டின் பன்னிரண்டு ரகசிய வார்த்தைகளை எழுதிவைத்த தாளையும் படம் பிடித்துப் போட்டுவிட்டார்.

உடனே வெல்டரின் போன் அடித்தது. பக்கத்துப் பெட்டியில் வரும் கம்ப்யூட்டர் கம்பெனிப் பெண்.

"அண்ணா, அத மொதல்ல அழிங்க! பீரோ சாவிய ராபர்ட்சன்பேட்டை பஜார்ல தொங்கவிட்டுக்கினு, திருடன் வரானான்னு பாப்பீங்களா?"

அந்தப் பேச்சை இன்றும் பலரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வெல்டர் உடனே படத்தை அழித்தார்.

பங்காரப்பேட்டையில் வண்டி நின்றதும் ஓடிவந்து ஏறினாள். போனில் எதையோ சேர்த்தாள். காயின் அங்கேயேதான் இருந்தது. புதுப் போனின் பட்டியலில் அதன் பெயர் இல்லாததால் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். வெல்டர் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை.

"எத்தினி பேரு பாத்தாங்களோ. வேற வாலட்டுக்கு மாத்திடணும், இப்பவே."

புது வாலட்டுக்குப் புது வார்த்தைகள் வரும் நேரம், "எல்லாரும் ஜன்னலப் பாருங்க" என்றாள். ஒருவர் டப்பாவில் ஒருவர் கைவிட்டுச் சாப்பிடுகிற ஆட்கள் நாங்கள். அத்தனை பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டோம், அவளும்தான். வெல்டர் மட்டும் குனிந்து எழுதினார்.

அனுப்பும் கட்டணத்தைத் தன் வாலட்டிலிருந்தே போட்டு, காயினை மாற்றிவிட்டாள். அந்நேரம் பார்த்து சிக்னல் போனது. மாலூர் வந்தபோதுதான், "வந்துடுச்சிண்ணா, மொத்தமும்" என்றாள்.

வெல்டர் தண்ணீர் பாட்டிலைத் திறக்க, "கொஞ்சம் புடிண்ணா" என்று பழக்கதோஷத்தில் அந்தப் புதுத் தாளை என்னிடம் நீட்டினார்.

நான் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன்.