மூன்று விரல் தடம்

பேய் பிசாசு என்று யாராவது கதைத்தால் எழும்பிப் போகிறவள் நான், இப்போதும் அப்படித்தான். நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும், சிரியுங்கள், எனக்கென்ன. நான் கண்டதைத்தான் சொல்கிறேன், கண்டது இருட்டிலும் இல்லை, நல்ல காலை வெளிச்சத்தில்.

நான் பிறந்தது நானாட்டானில், வயலுக்குள் பன்றி இறங்குகிற ஊர். கலியாணம் கட்டிக் கடற்கரை ஊரான கீரிக்கு வந்தும் மண்ணைப் பார்க்கிற பழக்கம் போகவில்லை. பின்னேரம் செபத்துக்கு முன் வீட்டைச் சுற்றின வளவு முழுக்கக் கூட்டி விடுவேன், பக்கத்து வீட்டு அன்ரனின் ஆட்டுப்பட்டி வரைக்கும். விடிந்ததும் மணலில் எது வந்தது, எது போனது எல்லாம் தெரியும். பூனை இனம் என்றால் நகம் பதியாது, நாய் என்றால் பதியும், நரியின் தடம் நாயைவிட ஒடுக்கம். எச்சத்தைக் கிளறினால் என்ன தின்றது என்றும் சொல்லுவேன். ஊரில் சிலர் மூக்கைப் பொத்துவார்கள், பொத்தட்டும்.

போன மாரிக்கு முன் அன்ரனின் ஆட்டுக்குட்டிகள் ஒவ்வொன்றாகக் கழுத்துக் கடிபட்டுச் செத்தன. பழி என் நாய் கறுவலில் விழுந்தது. காற்று மணலை மூடிக்கொண்டே இருந்ததால் என்னாலும் ஒன்றும் காட்ட முடியவில்லை. அன்ரன் கடலுக்குப் போகிற பொடியன், நல்லவன்தான், ஆனால் கோபம் வந்தால் மனிதனில்லை. இன்னொரு குட்டி செத்தால் கறுவலை அடித்துக் கொல்வேன் என்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சொல்லிவிட்டான். என் மனுசன் செத்துப் போன பிறகு இந்த வீட்டில் எனக்கென்று இருக்கிற ஒரே உயிர் கறுவல், விடுவேனா? அன்றைக்கு இரவு அதைச் சமைக்கிற குசினிக்குள் சங்கிலியால் கட்டிக் கதவையும் பூட்டினேன்.

விடிய அன்ரன் கட்டையோடு வந்து நின்றான், இன்னொரு குட்டி செத்துக் கிடந்தது. பூட்டின கதவைக் காட்டினேன், நம்பவில்லை.

"கட்டையைக் கீழ வைச்சிட்டு மண்ணைப் பார் தம்பி," என்றேன்.

அன்றைக்குக் காற்று விழுந்திருந்தது, கூட்டின மணலில் தடம் அச்சுக் குத்தின மாதிரிக் கிடந்தது. நாய்தான், நகம் பதிந்திருந்தது, ஆனால் இடது முன்காலில் மூன்று விரல். கறுவலைக் கூட்டிவந்து பக்கத்தில் மிதிக்க வைத்தேன், நாலு விரல். என் நாய் இல்லை, கண் இருந்தால் பார் என்று முகத்துக்கு நேரே சொன்னேன். அவன் குனிந்து விரலை எண்ணினான். வென்றுவிட்டேன் என்ற சந்தோசம் எனக்கு, அதுவும் கொஞ்ச நேரத்துக்குத்தான்.

ஏனென்றால் கீரியில் மூன்று விரல் நாய் ஒன்றுதான் இருந்தது, கறுவலின் தாய் சிவலை. வள்ளத்துக்குக் கீழே இடது முன்கால் அகப்பட்டு ஒரு விரல் போனது. அது செத்து, என் வளவுப் பூவரசடியில் புதைத்தும் ஆயிற்று. குழி வெட்டினவன் இதே அன்ரன், சுற்றினது அவனுடைய பழைய பச்சைத் தங்கூசி நைலோன் மீன்வலையில்.

பட்டி வாசலில் எச்சம் கிடந்தது, ஈரம் காயவில்லை. அன்ரன் ஒரு ஈர்க்குக் குச்சியால் கிளறினான். ஆட்டு மயிர், எலும்புத் துண்டு, அதற்கிடையில் பச்சைத் தங்கூசி நூல், அவன் கையால் போட்ட முடிச்சோடு. நம்பினால் நம்புங்கள், அவன் சிலுவை போட்டதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அக்கா, குழியைக் கிண்டிப் பாப்பமே?"

"கிண்டி, அது உள்ள கிடந்தா என்ன செய்வாய்? இல்லாட்டி என்ன செய்வாய்?"

கட்டையை என் வேலியிலேயே விட்டுவிட்டுப் போனான். அதற்குப் பிறகு ஒரு குட்டியும் சாகவில்லை. தன் பிள்ளை கறுவலைக் காப்பாற்ற வந்ததா, ஆடு பிடிக்க வந்ததா, என்னிடம் கேட்காதீர்கள். பங்குச் சுவாமியைக் கூப்பிட்டு வீட்டை மந்திரிக்கச் சொன்னார்கள், மாட்டேன் என்றேன். என் வளவு, என் நாய்கள், யாருக்கு என்ன?

ஒன்றுதான் இன்னும் என்னை விடவில்லை. அன்றைக்கு அன்ரன் போன பிறகு தனியாக அந்தத் தடத்தின் பின்னால் நடந்தேன். பூவரசடியிலிருந்து பட்டிக்கு, பட்டியிலிருந்து என் குசினிக் கதவுக்கு. கதவோடு ஒட்டி, அது படுத்திருந்த பள்ளம். இன்றைக்கும் பின்னேரம் கூட்டுகிறேன், விடியப் பார்க்கிறேன். கதவுக்கு வந்த தடத்தைக் கண்டேன், அங்கிருந்து போன தடத்தை இன்னும் காணவில்லை.