ஒரு ஏரி, மூன்று மாணவிகள், முடியாத வாய்தா

நியாயம் முழுக்க நம் பக்கம் இருக்கிற வழக்குதான் ஒரு ஜூனியர் வக்கீலின் வயிற்றெரிச்சலை அதிகம் கிளப்பும். கறுப்புக் கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் நசுங்கிக்கொண்டே கோர்ட்டுக்குப் போனவர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். முடிச்சூர் பக்கம் வயலெல்லாம் மனையாகிக்கொண்டிருந்த வருஷங்களில் எனக்கு வந்த வழக்கு இது.

பதினேழு வயசு

கவிதா பாலிடெக்னிக் மாணவி. தோழிகள் இரண்டு பேரோடு வந்தாள். ஊர் ஏரியில் லாரி லாரியாகக் குப்பையைக் கொட்டி, கொளுத்தி, மேடாக்கி, மனை போடுகிறார்கள்; பொதுநல வழக்குப் போட வேண்டும் என்றாள். மூவருக்கும் பதினெட்டு ஆகவில்லை. பெரியவர்கள் யாராவது அவர்களுக்காகக் கையெழுத்துப் போட வேண்டும். தோழிகள் வீட்டில் முடியாது என்றுவிட்டார்கள். கவிதாவின் அப்பாவும் மறுத்தார். மனை போடுவதில் அவர் தம்பிக்கும் பங்கு.

கடைசியில் அவள் அம்மா வந்தார். முகம் வீங்கியிருந்தது, அழுதிருக்கிறார். “அவரு எங்கிட்ட பேசறதில்ல. பேசாட்டி போறாரு. எங்க போடணும், சொல்லும்மா.”

எந்த ஏரி?

அது ஏரிதான் என்பதற்கு அரசு ஆவணத்தின் நகல் தேவைப்பட்டது. ஒரு அலுவலகத்தில் எங்களைக் காலையிலிருந்து உட்கார வைத்தார்கள். சாப்பாட்டுக்குப் போன அதிகாரி பல்லைக் குத்திக்கொண்டே திரும்பினார். குப்பை கொட்டுவதைத் தடுக்கச் சொல்லி இந்தப் பிள்ளைகள் மனு கொடுத்தபோது அதை வாங்கியவரும் அவரேதான். ஏரி ஆவணத்தின் நகலைக் கேட்டேன்.

அவர் நிதானமாகச் சொன்னார்: “ஏரின்னா தண்ணி இருக்கணும்ல? நேர்ல போய்ப் பாருங்க மேடம், வெறும் மேடுதான்.”

வெயில் மேல் வழக்கு

மனுவில் ஒரு பத்தியைக் கவிதாவே எழுதியிருந்தாள். பூமி சூடாகிக்கொண்டே போகிறது, இருக்கிற ஏரியையும் குப்பையை எரித்து மூடினால் நாளைக்கு நாங்கள் இந்த ஊரில் எப்படி வாழ்வது என்று. என் சீனியர் அதை அடிக்கச் சொன்னார். அவள் மாட்டேன் என்றாள். கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் அந்தப் பத்தியைத்தான் பிடித்துக்கொண்டார். “மை லார்ட், சென்னை வெயில் மேலயும் கேஸ் போட்டிருக்காங்க!” என்றார். முன்வரிசை முழுக்கச் சிரித்தது. நீதிபதி சிரிக்கவில்லை, ஆனால் வாய்தா கொடுத்தார்.

வராந்தாவில் தோழிகள் இருவரும் அழுதார்கள். கவிதா மட்டும் அந்த வக்கீல் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அவருக்கென்னக்கா, சிரிச்சுட்டுப் போயிடுவாரு. அந்த வெயில்ல இருக்கப்போறது நாங்கதானே.”

தடை உத்தரவு

பல வாய்தாவுக்குப் பிறகு இடைக்காலத் தடை கிடைத்தது. ஏரியில் யாரும் எதையும் கொட்டக் கூடாது. மறுநாள் காலையிலேயே கவிதா போன் செய்தாள்: லாரி வந்து நிற்கிறது, புகையும் வருகிறது. உத்தரவோடு ஓடினேன். மூன்று பெண்களும் லாரிக்கு முன்னால் நின்றிருந்தார்கள். டிரைவர் இன்ஜினை உறுமவிட்டுப் பயமுறுத்திக்கொண்டிருந்தான். யாரும் நகரவில்லை. பக்கத்துத் தெருக்காரர்களும் வந்து சேர்ந்துகொண்ட பிறகுதான் அவன் வண்டியைத் திருப்பினான்.

எல்லாம் முடிந்து வந்து இறங்கிய போலீஸ்காரர் உத்தரவை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். “இதுல லாரி நம்பர் எதுவும் போடலையே மேடம்?”

தீர்ப்பு

தீர்ப்பு வந்தபோது ஏரியில் பாதிதான் மிஞ்சியிருந்தது. தடைக்கு முன்பே மேடாக்கியிருந்த மற்ற பாதியில் வீடுகள் எழும்பிவிட்டன. இருக்கிற பாதியைத் தொடக் கூடாது, குப்பையை அள்ள வேண்டும் என்றது கோர்ட். அடுத்த மழைக்கு அதில் தண்ணீர் நின்றது. பார்க்கப் போனேன். கவிதாவும் அம்மாவும் கரையில் நின்றிருந்தார்கள். சந்தோஷப்படுவதா, மறுகரையில் நிற்கிற மாடிகளைப் பார்த்து ஆத்திரப்படுவதா என்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

திரும்பும்போது ஒரு மனை புரோக்கர் பைக்கை நிறுத்தி, ஏரியை மேடாக்கி மனை போட்டவர்களின் விளம்பர நோட்டீஸை என்னிடம் நீட்டினார். “ஏரியப் பாத்த மனை மேடம். கோர்ட்டே காப்பாத்திக் குடுத்த ஏரி, இனிமே யாரும் மூட முடியாது, தைரியமா வாங்கலாம்!”

பிள்ளைகள் லாரிக்கு முன்னால் நின்று மீட்ட தண்ணீரை, மூட வந்த கூட்டமே ஜன்னல் காட்சியாக விற்கிறது. எங்கள் தொழிலில் இதைத்தான் ஜெயித்த வழக்கு என்று சொல்கிறோம்.