ஐந்து நிமிடம் சும்மா

சலவை ஆலையின் பாய்லர்காரருக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. இருபத்திரண்டு வருடமாக நீராவியோடு மல்லுக்கட்டியவர். சாப்பிடும்போதும் ஒரு காது பாய்லர் அறைப் பக்கமே இருக்கும்.

அவரிடம்தான் ஆலை டாக்டர் சொன்னார்: "பிரஷர் கூடுதலா இருக்கு. ஒரு வாரம் வீட்டுல பார்த்து எழுதிட்டு வாங்க. இப்படியே இருந்தா துணி மடிக்கிற பக்கம் மாத்த வேண்டியதுதான்."

துணி மடிப்பதா?

அன்றைக்கே பிரஷர் பார்க்கும் மெஷின் வாங்கி, நோட்டில் கோடு போட்டார். கோடு கோணலாகப் போனதால் தாளைக் கிழித்துவிட்டு மறுபடி போட்டார். வேலை முடிந்து மூன்று மாடி ஏறிய மூச்சு அடங்குமுன், சட்டைக் கை மேலேயே பட்டையைச் சுற்றி, நின்றபடி பொத்தானை அழுத்துவார். நம்பிக்கை வராது. மறுபடி அழுத்துவார். ஐந்தாறு தடவையில் எது உச்சமோ அது நோட்டில் ஏறும்.

"என்னங்க, அந்தக் கையை இந்தப் பாடு படுத்துறீங்க. விட்டா அது லீவு கேட்கும்" என்றாள் மனைவி.

"சும்மா இரு. நூத்தி அறுபத்தெட்டு. நேத்தைவிட ரெண்டு ஜாஸ்தி."

ஆறாம் நாள் சோறு இறங்கவில்லை. துணி மடிக்கும் மேசையே கண்ணில் நின்றது.

ஏழாம் நாள் ஆலை மருந்தறையில் நர்ஸ் நோட்டைப் புரட்டினாள். "ஒரு நாளைக்கு ஒரு எண்தானா?"

"உச்சத்தைத்தானம்மா எழுதணும்? முழு லோடுல பாய்லர் மீட்டர் முள் எங்க நிக்குதோ அதான் கணக்கு. குறைச்சு எழுதினா பாய்லர் வெடிச்சிரும்."

"எப்போ பார்ப்பீங்க?"

"மாடி ஏறின கையோட."

நர்ஸ் சிரிப்பை அடக்கினாள். "ஐயா, நீங்க பாய்லர் இல்ல. உங்கள ஓய்வுலதான் பார்க்கணும். காலையும் சாயங்காலமும், டீ குடிக்கிறதுக்கு முன்னாடி, பாத்ரூம் போயிட்டு வந்து, சாய்ஞ்சு உட்காருங்க. கால் ரெண்டும் தரையில, சட்டை மூடாத கை மேசை மேல, நெஞ்சு உயரத்துல. அஞ்சு நிமிஷம் பேச்சே கூடாது. அப்புறம் ஒரு நிமிஷம் விட்டு ரெண்டு தடவை. ரெண்டையும் எழுதணும். டாக்டர்கிட்ட இன்னொரு வாரம் கேட்டுத் தரேன்."

வீட்டில் அந்த ஐந்து நிமிடம்தான் பெரும்பாடு. இரண்டாம் நிமிடத்தில் குழாய் சொட்டியது. எழுந்துபோய் மூடிவிட்டு வந்தார்.

"முதல்லேர்ந்து" என்றாள் கடிகாரத்தோடு உட்கார்ந்திருந்த மனைவி.

"குழாய் சொட்டுச்சே—"

"பேசிட்டீங்க. முதல்லேர்ந்து."

மூன்றாம் முயற்சியில்தான் மெஷின் ஓடியது. மேலே நூற்று நாற்பத்து நான்கு, கீழே எண்பத்தெட்டு. அடுத்தது நூற்று முப்பத்தெட்டு, எண்பத்தைந்து. கை தானாக மறுபடி பொத்தானுக்குப் போனது. மனைவி மெஷினை எடுத்துக்கொண்டாள்.

"குறையுது, இன்னும் ஒண்ணு—"

"அன்னைக்கு ஏறுற வரைக்கும் பார்த்தீங்க. இன்னைக்கு இறங்குற வரைக்குமா?"

இரண்டையும் எழுதினார்.

வாரம் முடிந்து டாக்டர் எல்லா வரியையும் படித்தார். "கொஞ்சம்தான் கூடுதல், மாத்திரை ஆரம்பிக்கணும். பாய்லர்லயே இருங்க. ஆனா இந்த நோட்டு வந்துக்கிட்டே இருக்கணும்."

பாய்லர் அறையில் யாரும் உட்காராத ஸ்டூல் ஒன்று உண்டு. அதைத் துடைத்துப் போட்டு உட்கார்ந்தார். மூன்று நிமிடம் தாங்கினார். பிறகு எழுந்து முள்ளைப் பார்க்கப் போய்விட்டார்.